ஆக்ரிம் எந்தப் பக்கம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் எதிர்வீட்டு அம்மாள் தனியாக வசித்தார். ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். எழுபதைத் தாண்டிய வயது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் கார் ஓட்டுவதை விட்டிருந்தார். எனக்கு அப்போது வேலைக்குப் போக அனுமதியில்லாத விசா. கணவர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டால் மாலைவரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தொண்ணூற்றாறில் ஒரு நாள் அந்த அம்மாள் கதவைத் தட்டி, நூலகத்துக்கு வந்து சில பழைய பதிவேடுகளைப் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

அவருக்கும், டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இருந்த அவர் தம்பிக்கும், அயர்லாந்திலிருந்து வந்த தாத்தாவின் ஊரைப் போய்ப் பார்க்க ஆசை. எது அந்த ஊர் என்பதில்தான் தகராறு. கார்க் என்று தம்பி அடித்துச் சொன்னார். தாத்தாவின் கல்லறையில் அப்படித்தான் செதுக்கியிருந்தது. ஆனால் கார்க்கில் விசாரித்தபோது அப்படி ஒரு குடும்பம் இருந்த தடயமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நூலகம் ஜெர்சி சிட்டியில் இருந்தது. கணவருக்கு அதுதான் கவலை.

“டர்ன்பைக்ல போகணும். நீ இன்னும் ஹைவேல ஒழுங்கா மெர்ஜ் பண்ணவே மாட்டேங்கற.”

“லோக்கல் ரோட்லயே போயிக்கறேங்க.”

“ரொம்ப நேரம் ஆகும்.”

“ஆகட்டும். எனக்கென்ன மீட்டிங்கா இருக்கு?”

வாரம் ஒருமுறை போனோம். பதிவேடுகளின் மைக்ரோஃபிலிமைத் திரையில் ஓட்டி நான் படிப்பேன். அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முதல் சில வாரங்கள் வீண். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் அயர்லாந்து என்று மட்டும் இருந்தது. அதற்குமேல் எழுதியவர்களும் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருந்தார்கள். சொன்னவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது, திருத்த வழியில்லை. அவர்கள் குடும்பப் பெயரே மூன்று விதமாக வந்தது.

ஒரு தேவாலயத்தின் திருமணப் பதிவில் தாத்தா கிடைத்தார். ஊர்ப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். “ஓ, சி, ஹெச், ஆர், ஈ, எம். ஓச்ரெம்.”

“அது ‘சர்ச்’ என்பதில் வருகிற சி-ஹெச்சா, ‘ஸ்கூல்’ என்பதில் வருகிற சி-ஹெச்சா?”

“தெரியவில்லை.”

“ஸ்கூல் மாதிரி சொல்லு. வேகமாக.”

“ஓக்ரெம்.”

அவர் கண்ணைத் திறந்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, “தாத்தாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். நாங்கள் சேட்டை பண்ணினால், ‘ஆக்ரமில் இதற்கு அடி விழும்’ என்பாள். நானும் தம்பியும் அதை ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்திருந்தோம்” என்றார்.

அட்லஸில் ‘ஓ’ வரிசையில் அப்படி ஓர் ஊர் இல்லை. ‘ஏ’ வரிசையில் ஆக்ரிம் இருந்தது, உச்சரிப்புக்குச் சம்பந்தமில்லாத ‘ஜி-ஹெச்’ நடுவில் நிற்க. ஒன்றல்ல, மாவட்டத்துக்கு மாவட்டம் ஆக்ரிம். திரும்பப் பதிவேட்டுக்கு வந்தோம். மணப்பெண்ணின் ஊர் பால்னஸ்லோ என்று கிறுக்கியிருந்தது. கால்வே மாவட்டத்து ஆக்ரிமை ஒட்டி பாலினஸ்லோ என்று ஒரு டவுன் இருந்தது. வேறெந்த ஆக்ரிம் பக்கத்திலும் அப்படி ஒன்று இல்லை.

“அப்படியானால் கல்லறையில் ஏன் கார்க்?” என்று அவர் கேட்டார்.

கார்க் துறைமுகத்தில் கப்பல் ஏறியிருப்பாரோ என்று சொன்னேன். “இங்கே யார் கேட்டாலும் நான் மெட்ராஸ் என்றுதான் சொல்கிறேன். என் ஊர் தாராபுரம். மெட்ராஸில் விமானம் ஏறினேன், அவ்வளவுதான்.” அடுத்த வாரம் கப்பல் பட்டியலில் தேடினோம். அது உண்மையாகவே இருந்தது.

தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு பாதிரியாருக்கு ஸ்பெல்லிங் தெரியவில்லை என்பதற்காக நான் ஊரை மாற்றிக்கொள்ள வேண்டுமா?” என்று போனில் கேட்டாராம். ஆனாலும் மறு வருடம் அக்காவுடன் புறப்பட்டார்.

திரும்பி வந்ததும் அந்த அம்மாள் டீ போட்டுக் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். மழை. சிறிய ஊர். கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் குடும்பப் பெயர் கல்லுக்குக் கல் இருந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், “எந்த வீட்டுக்காரர்கள்?” என்றார். அந்தப் பெயரில் அங்கே அத்தனை வீடு. தாத்தாவின் வீடு எது என்று இவர்களுக்குத் தெரியாது.

“வருத்தமாக இருந்ததா?” என்றேன்.

“இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஊரைப் பார்த்தேன், எனக்கு அது போதும். தம்பிதான் நனைந்துகொண்டே எல்லாக் கல்லையும் போட்டோ எடுத்தான்.”

தொண்ணூற்றொன்பதில் நாங்கள் ஃப்ரீமான்டுக்கு மாறினோம். ஒரு சனிக்கிழமை அந்தத் தம்பி கேட்டியிலிருந்து அழைத்தார். அதற்குமுன் அவரிடம் பேசியதில்லை. வீட்டைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்றார். ஆக்ரிமின் பழைய நிலவரிப் பதிவு ஒன்றில் ஏதோ ஒரு வயலுடைய பெயர் போல இருக்கிறதாம். எழுத்துகளைச் சொல்லி, அது எப்படி ஒலிக்கும் என்று கேட்டார்.

“உங்கள் அக்காவுக்குத்தானே நல்ல காது? அவரிடம் கேட்கலாமே.”

“அவள் போதும் என்கிறாள்.”

எழுதிக்கொண்டு, தெரிந்த விதத்திலெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஓர் இடத்தின் பெயர் போல ஒலிக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி போனை வைத்தார்.