திக்லிபூர் கப்பல் வரும் வரை

கூட்டத்தொடர் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் என் மச்சான்மார்கள், "அந்தமானில் நம்ம ஆள் எம்.எல்.ஏ." என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்கள். எம்.எல்.ஏ.வாவது மண்ணாங்கட்டியாவது! எங்களுக்குச் சட்டசபையே கிடையாது. சட்டத்தைத் தில்லியில் செய்வார்கள். அதற்கு முன்னால் போர்ட் பிளேரில் ஓர் ஆலோசனைக் குழுவைக் கூட்டி, ஒவ்வொரு பிரிவாகப் படித்துக் கை தூக்கச் சொல்வார்கள். பாதிப் பேர் அதிகாரிகள். மீதிப் பேர் ஊர்க்காரர்கள் என்று நியமிக்கப்பட்டவர்கள். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த எனக்கு அங்கே நாற்காலி கிடைத்ததற்கு ஒரே காரணம்தான். தமிழ் முஸ்லிம் ஒருவர் வேண்டும் என்று யாரோ சொன்னபோது, எங்கள் ஆட்களில் கோட்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த மழைக்காலத்தில் தில்லிக்கு என்ன அவசரமோ, இருக்கிற சட்டமெல்லாம் ஒரே தொடரில் வந்து விழுந்தது. காலையில் மாடு மேய்ச்சலைப் பற்றிப் பேசுவோம், மத்தியானம் சாராயம், சாயங்காலம் எடைக்கல். தலைவர் மெயின்லாண்டிலிருந்து வந்தவர். இரண்டு வருடம் இருந்துவிட்டுப் பதவி உயர்வோடு கப்பலேறுகிறவர்களில் ஒருவர். நாங்கள் பேசும்போது ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார். பேசி முடித்ததும், "வெரி இன்ட்ரஸ்டிங்" என்பார். அந்த இரண்டு சொற்களைக் கேட்கும்போதெல்லாம் மேஜையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகலாமா என்றிருக்கும்.

போர்ட் பிளேர் ஷாதிபூரில் இருந்த என் வீடு அந்த நாட்களில் சத்திரம் மாதிரி ஆகிவிடும். மனுக் கொடுக்க வருகிறவர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், சும்மா டீ குடிக்க வருகிறவர்கள். அத்தனை பேருக்கும் என் மனைவியால் பொங்கிப் போட முடியாது. வீட்டுக்கு மேலே சரிவில் குடியிருந்த ஒரு பெண் காலையில் இடியாப்பம் அவித்துக் கூடையில் கொண்டுவருவாள். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி. புருஷன் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், இறந்துவிட்டான். இரண்டு பெண் குழந்தைகளோடு பலகையும் தகரமும் வைத்து அவளே கட்டிக்கொண்ட வீடு அது. அந்தச் சரிவு முழுக்க அப்படித்தான். யாரும் அரசாங்கத் திட்டத்தில் வந்தவர்கள் இல்லை. தாங்களாகக் கப்பலில் டெக் டிக்கெட் எடுத்து வந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து, காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள்.

நிலச் சட்டத்தின் நகல் வந்தபோது அதில் ஒரு பிரிவு இருந்தது. திட்டத்தில் குடியேற்றப்படாத எவருக்கும் நிலத்தில் உரிமை இல்லை, அவர்கள் கட்டியதை அகற்றலாம். துறைமுகத்தில் அவர்கள் முதுகு வேண்டும், அந்த முதுகைச் சாய்க்க இடம் கொடுக்கமாட்டார்களாம்.

"என்ன பாய், எங்கள எழுப்பி விட்ருவாகளா?" என்று அவள் கேட்டாள்.

"நான் எதுக்கு அங்கே உக்காந்திருக்கேன்? நீ பயப்படாதே" என்றேன். ஆத்திரத்தில் சொன்னதுதான், ஆனால் நம்பித்தான் சொன்னேன்.

நம்புவதற்குக் கணக்கு இருந்தது. அதிகாரிகள் எல்லாரும் ஆதரவாகத் தூக்குவார்கள், ஊர்க்காரர்கள் எல்லாரும் எதிர்த்துத் தூக்குவோம். சமமாக வந்தால் அந்தப் பிரிவை நிறுத்திவைப்பதாகத் தலைவர் முதல் நாள் ஏதோ நல்ல மனநிலையில் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே சிக்கல், எங்களில் ஒருவன் வடக்குக் கோடியில், திக்லிபூரில் இருந்தான். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவன். நான் அவனை வங்காளி முறையில் தாதா, அண்ணன், என்பேன், அவன் என்னை பாய்சாப் என்பான். வெளித்தீவு உறுப்பினர்கள் ஊர் உறுப்பினர் வீட்டில் தங்குவதுதான் வழக்கம். எங்கள் வீட்டுத் திண்டும் தலையணையும் பல வருடமாக அவன் தலைக்குப் பழகியவை. வருகிறேன், எதிர்த்துத் தூக்குகிறேன் என்று போன தடவையே சத்தியம் செய்திருந்தான். ஆனால் மழையில் வடக்குக் கப்பல் தாமதம். தலைவரோ அன்றைக்கே முடிக்கவேண்டும் என்று நின்றார். அவன் இல்லாமல் கை தூக்கினால் எங்கள் பக்கம் ஒரு கை குறையும்.

அதனால் கப்பல் வரும் வரை பேசுவது என்று எழுந்தேன். என் அரைகுறை ஹிந்தியில் நிலத்தில் ஆரம்பித்து, ரேஷன் அரிசியின் நாற்றத்துக்குப் போய், மண்ணெண்ணெய்க்குத் திரும்பி, ஆட்டுக்கு வரும் வாய்ப்புண் வரைக்கும் பேசினேன். தலைவர் மணியைத் தட்டினார். தட்டட்டும் என்று பேசினேன். பக்கத்திலிருந்த அதிகாரி ஒருவர் சத்தம் போட்டுக் கொட்டாவி விட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை ஆட்டிலிருந்து ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியது. அப்போதுதான் துறைமுகத்திலிருந்து சங்கு கேட்டது. போர்ட் பிளேரில் பத்து வருடம் இருந்தவனுக்கு ஒவ்வொரு கப்பலின் சங்கும் தெரியும். வடக்குக் கப்பல்தான். அது கரையணைந்து ஆள் இறங்கி மேட்டில் ஏறி வருகிற வரைக்கும் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, உட்கார்ந்தேன்.

அவன் வந்தான். நில அதிகாரியோடு ஒரே குடையில் வந்தான். நில அதிகாரி குழுவில் உறுப்பினர் இல்லை, வடக்கே சுற்றுப்பயணம் போயிருந்தவர் அதே கப்பலில்தான் திரும்பியிருந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

தலைவர் பிரிவைப் படித்தார். "ஆதரிப்பவர்கள்?" அதிகாரிகளின் கைகளோடு, ஈரச் சட்டைக் கை ஒன்றும் மேலே போனது. என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு தூக்கினான். நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தான், இல்லாவிட்டால் அன்றைக்கு அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். தலைவர் என்னைப் பார்த்து, "உங்கள் பேச்சு வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார்.

அதைவிடக் கொடுமை, சாயங்காலம் அவன் தன் பையோடு என் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். வடக்கே திரும்பும் கப்பல் ஐந்தாறு நாள் கழித்துத்தான். ஊரில் தங்க வேறு இடமில்லை. விருந்தாளியை மழையில் தள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று இரவு என் மனைவி சோறு வைத்தாள், அவன் சாப்பிட்டான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் இடியாப்பக் கூடையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"கெடுத்துட்டாகளா?"

"இதோ உக்காந்திருக்கானே, இவன்தான் கெடுத்தான். நீ அவிச்சதைத்தான் இத்தனை வருஷமாத் தின்னான். கேளு" என்றேன்.

அவள் கேட்டாள். துறைமுகத்துக்காரர்களோடு பழகி அவளுடைய ஹிந்தி என் ஹிந்தியைவிட நன்றாக இருக்கும். "தாதா, ஹாத் காய்கோ உட்டாயா?" ஏன் கை தூக்கினாய் என்று.

அவன் இடியாப்பத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னான். அவர்கள் கரையில் கப்பல் அணைகிற மேடை, ஜெட்டி, கிடையாது. சின்னத் தோணியில் போய், அலையில் ஆடிக்கொண்டே கயிற்றைப் பிடித்துக் கப்பலேற வேண்டும். போன மழைக்கு ஒரு பிள்ளைத்தாச்சியை அப்படி ஏற்றும்போது தோணி கவிழ்ந்து தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. கை தூக்கினால் ஜெட்டி தருவதாக நில அதிகாரி கப்பலில் சொன்னார். "இரண்டில் ஒன்றுதான் பாய்சாப். நான் என் ஆட்களைப் பார்த்தேன்."

"அந்த ஆள் வார்த்தையை நம்பியா?" என்று கத்தினேன்.

"கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தூக்கினேன்" என்றான் அமைதியாக. அந்த அமைதிதான் எனக்கு ஆகவே இல்லை.

அவனைத் திட்டுவாள், கூடையைத் தூக்கிக்கொண்டு போவாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவுக ஒரு கையத் தூக்கி அவுக சனத்துக்கு ஜெட்டி வாங்கிட்டாக. நீங்க பகல் பூராப் பேசுனீகளே பாய், எங்களுக்கு என்னத்த வாங்குனீக?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உனக்காகத்தானே தொண்டை கிழியப் பேசினேன், உனக்கு நன்றி இருக்கிறதா என்று என்னென்னவோ சொன்னேன். அவள் அவன் தட்டில் இன்னும் இரண்டு இடியாப்பத்தை வைத்தாள்.

அந்தச் சட்டம் தில்லி போய்த் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததும் சரிவைக் காலி செய்தார்கள். அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று எல்லாரையும் பற்றி என்னால் சொல்ல முடியாது. அவள் அதுவரை இருக்கவில்லை. ஜெட்டி கட்ட ஆட்கள் வருவார்கள், அவர்களுக்குச் சோறு வேண்டும், என் நிலத்தின் ஓரத்தில் வீடு போட்டுக்கொள் என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். என் வீட்டில் உட்கார்ந்து, என் சோற்றைத் தின்றுகொண்டு சொல்லியிருக்கிறான். அவளும் சரி என்றிருக்கிறாள். அந்த ஐந்தாறு நாளுக்குள் அவளும் அவனுமாக அவள் வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்தார்கள். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போய் ஒரு ஆணி பிடுங்கிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

கப்பல் நாளன்று மட்டும் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்குப் போனேன். பலகைக் கட்டும் தகரமும் ஏறிவிட்டன. அவன் இரண்டு குழந்தைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் போனான். எனக்கு சலாம் வைத்தான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் இறந்து பல வருடமாகிறது, இன்றைக்கும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் அடுப்புச் சாமான்களைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்திருந்தாள். "போகாதே. அவனே துரோகி. அடுத்த கூட்டத்தில் இதை மறுபடியும் எழுப்புகிறேன். விடமாட்டேன்" என்றேன்.

அவள் சாக்கைச் சரி செய்துகொண்டு ஏணியில் கால் வைத்தாள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, உள்ளபடியே சொன்னாள்.

"நல்லாப் பேசுங்க பாய். உங்களுக்கு அது நல்லா வருது."