மேல் சரிவில் கேட்ட டிக் டிக்

பத்தாவதோடு நின்றவன் விண்வெளியைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அலமாரியில் இருக்கும் பழைய டிரான்சிஸ்டர்தான் எழுதவைக்கிறது. பாட்டுக் கேட்க வாங்கியதல்ல அது. போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் யானைகளைத் தடுக்கும் மின்வேலியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கம்பியில் செடி உரசி மின்சாரம் கசிந்தால், அந்த இடத்தில் டிரான்சிஸ்டர் ‘டிக் டிக்’ என்னும். அதைக் கேட்டபடி வேலியோரம் நடப்பேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி டீச்சர், கேபிள்காரர்கள் கைவிட்ட பெரிய டிஷ் ஒன்றை ஜீப்பில் கொண்டுவந்து எங்கள் மேட்டில் நிறுத்தினார். நட்சத்திரங்களுக்கு நடுவே வாயு மேகங்கள் இருக்கின்றனவாம். அவற்றில் மிதக்கும் ஒவ்வொரு வகை மூலக்கூறும் ரேடியோ நிலையம் மாதிரி தனக்கென்று ஓர் அலைவரிசை வைத்திருக்குமாம். எந்தெந்த மேகத்தில் மெத்தனால் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் குறிக்க வந்திருந்தார்.

“மேகத்துக்குள்ள சாராயமா டீச்சர்? ஒரு லோடு எறக்குங்க,” என்றார் ஜீப் டிரைவர்.

“எறக்கலாம்ணே. குடிச்சா கண்ணு போயிரும், பரவால்லயா?”

நான்கு நாளும் திரையில் வெறும் இரைச்சல். ஐந்தாம் நாள் பகலில் டிஷ்ஷைக் கழற்ற ஜீப் திரும்பி வந்தது. “இந்த எடம் ஆகாதுன்னு எழுதிக் குடுத்துர்றேன். வேற எடம் தேட எனக்கு வழியில்ல,” என்ற டீச்சர், அந்த இரைச்சலை ஒருமுறை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். டிக். டிக். என் டிரான்சிஸ்டரில் கேட்கும் அதே சத்தம். மழை பிடித்ததிலிருந்து, அட்டைக்குப் பயந்து, மேல் சரிவுக்கு நான் போகவே இல்லை. பார்த்தாச்சு என்று தோட்டத்து சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தேன். அவரும் அங்கேதான் நின்றார். நாலு பேர் முன்னால் எனக்குக் குரலே வராது. டிரைவர் முதல் போல்ட்டைக் கழற்றினார்.

“டீச்சர், அது வானத்துல இருந்து வரல. என் வேலி.”

“பாத்தாச்சுன்னியேப்பா?” என்றார் சூப்பர்வைசர்.

“பாக்கல சார்.”

அவர் திட்டிய திட்டு எதுவும் டீச்சர் காதில் ஏறவில்லை. “அப்ப எடத்துல குத்தமில்லயா! வெரசா வாங்கண்ணே,” என்று அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். மேலே, கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருக்க, அதைச் சுற்றி ஒரு கொடி கம்பியில் படர்ந்திருந்தது. வேலியை நிறுத்திவிட்டு கொடியை வெட்டி, பீங்கானை மாற்றி, மறுபடி ஓடவிட்டோம். டிரான்சிஸ்டர் அடங்கியது. மாலைக்குள் திரையின் நடுவே, மெத்தனாலின் அலைவரிசையில், ஒரு மெல்லிய கூர்முனை, ஏலச்செடியின் அடியில் புது முளை கிளம்புகிற மாதிரி எழுந்தது.

“இது அங்கருந்து கெளம்பி ஆயிரக்கணக்கான வருசமாச்சுண்ணே,” என்றார் டீச்சர். டிரைவர் போல்ட்டைத் திரும்ப முடுக்கினார்.

டிஷ் இன்னும் அங்கேயே நிற்கிறது. டீச்சரின் பட்டியலில் மேகங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. இப்போது மாணவிகளையும் கூட்டி வருகிறார். புறப்படும் முன் எனக்குத்தான் முதல் போன்: “அண்ணே, வேலி சுத்தமா?” அலமாரியிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு, ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

அன்று கொடியை வெட்டியதற்கு மறுநாள் மழை. மேல் சரிவுக்குப் போனேன். இரண்டு அட்டை கடித்தது.