மேலூரில் வாங்கிய ஆட்டுச் சுவரொட்டி

பாறைக்கு வெடி வைக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு ஓர் அம்பாசிடர் காரின் பின்சீட்டு ஞாபகத்துக்கு வரும். அந்தச் சத்தம் முதலில் காதுக்கு வராது. உள்ளங்காலில் ஏறி, முழங்காலைத் தொட்டு, அப்புறம்தான் வானத்திலிருந்து விழும். மேலூர் தாண்டி ஆறேழு கிலோமீட்டரில் அப்படி ஒன்று விழுந்தபோது, முன்சீட்டிலிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் ஆள் இல்லை. தவமணி அக்கா கால் வைக்கும் இடத்தில் குந்தி, தலைக்கு மேல் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் குருசாமி வண்டியை ஓரங்கட்டினான். சிரிக்கவில்லை.

"கல்லு வெடி மேடம். குவாரில வைக்கிறாங்க. ஒண்ணுமில்ல, எந்திரிங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து சேலையைத் தட்டிவிட்டார். வெட்கம் கலந்த சிரிப்பு. "சமாதானம் வந்து ஒண்டரை வருசம் தம்பி. எங்கட உடம்புக்கு இன்னும் ஆரும் சொல்லேல்லை."

அது 2003, ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை. தவமணி கிளிநொச்சிப் பக்கத்தில் மருத்துவ மாது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற வேலை. போர் ஓய்ந்திருந்த அந்த இடைவெளியில், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் குழுவாகக் கூடிப் பிள்ளைப்பேறு, கருத்தடை பற்றியெல்லாம் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துப் போக வந்திருந்தார். விளாங்குடியில் பெண்களுக்காகச் சின்ன அமைப்பு ஒன்று நடத்தும் என் தோழிதான் அவரைக் கூட்டிப்போயிருக்க வேண்டும். தோழிக்கு டைபாய்டு. "நீ சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்க" என்று என்னை அனுப்பிவிட்டாள். உண்மைதான். ஐம்பது வயதில் சொந்தமாக ஒரு பீரோகூட இல்லாதவனுக்கு வழிகளாவது தெரிந்திருக்க வேண்டாமா?

கிளம்பியது விளாங்குடியிலிருந்து, காலை ஆறரைக்கு. வாடகை கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய், டிரைவர் பேட்டா தனி. மேலூர் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வழியெல்லாம் பெரியாறு கால்வாய் வறண்டு கிடந்தது. நெல் இருக்க வேண்டிய வயல்களில் ஆடுகள் தலை குனிந்து எதையோ தேடின. தொலைவில் குவாரிகள், ஒரு மலையைப் பாதி வெட்டி எடுத்த பிறகு மீதிப் பாதி வெறுமனே நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரைப் பார்க்கிறது. மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் குருசாமி வண்டியை நிறுத்தி, கறிக்கடைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓடி வந்தான். தேநீர் இரண்டரை ரூபாய். தவமணி அக்கா சீனி இல்லாமல் கேட்க, கடைக்காரர் அவரை நோயாளி என்று முடிவு செய்து இரக்கத்தோடு ஆற்றிக் கொடுத்தார்.

காலை ஒன்பதரை. மேலூர் தாண்டிய ஒரு கிராமம். சத்துணவுக் கூடத்துக்கு முன்னால் புளியமர நிழலில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. நானும் குருசாமியும் இருபதடி தள்ளிக் கார் நிழலில் உட்கார்ந்தோம். பேச்சு மட்டும் காற்றோடு வந்தது.

தவமணி அக்கா தன் ஊரைச் சொன்னார். "எங்கட பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஓர் ஆள் இல்லை. கருத்தடை எண்டு வாய் திறந்தால், செத்த பிள்ளையளுக்குப் பதில் பிள்ளை பெற வேண்டாமோ எண்டு கேப்பினம். கேக்கிறது பெத்த தாய்மார். நான் என்ன சொல்ல?"

ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என்னதான் சொல்லுவீக?"

"பெறலாம், தாய் உயிரோட இருந்தால், எண்டு சொல்லுவன்."

பிறகு அவர் இங்கே ஆண்கள் யாராவது ஆபரேஷன் செய்துகொண்டதுண்டா என்று கேட்டார். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. அந்த வெடிக்கு அவர் குனியவில்லை.

"ஒரே ஒருத்தரு இருக்காருக்கா! அந்தா உக்காந்திருக்கா பாருங்க, அவ வீட்டுக்காரரு. கல்லு ஒடைக்கிறாரு."

"ஏ, சொல்லுடி! அப்புறம் ஆளு தெம்பா இருக்காரா, இல்லியா?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்: "கல்லு ஒடைக்கிறதுல ஒரு கொறையும் இல்ல. என்னைய வையிறதுலயும் ஒரு கொறையும் இல்ல."

குருசாமி சட்டென்று எழுந்து, ஏற்கனவே பளபளத்துக்கொண்டிருந்த முன்கண்ணாடியைத் துணி போட்டுத் துடைக்க ஆரம்பித்தான்.

மதியம் பன்னிரண்டு. திரும்பும் வழியில் மேலூர்க் கறிக்கடை. பாய் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து தேக்கிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"ரெண்டு எடுத்து வச்சேன் மாப்ள. அனல்ல சுட்டு, மெளகு தட்டிப் போட்டுக் குடு. ரத்தம் ஊறும். இன்ஷா அல்லா, மொகம் செவந்துரும்."

ஒன்று இருபது ரூபாய். ஆட்டின் மண்ணீரல், எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். மதுரைக் கடைகளில் விடியுமுன்பே ஆள் வைத்து வாங்கிவிடுகிறார்கள் என்பதால் சவாரி எங்கே போனாலும் இதைத் தேடுவதாகச் சொன்னான் குருசாமி. தூக்குவாளியில் ஐஸ் போட்டு, பொட்டலத்தை அதில் வைத்து, மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தான்.

"ஆருக்குத் தம்பி?" என்றார் தவமணி அக்கா.

"வீட்ல குடுக்க மேடம். பஞ்சவர்ணம்னு பேரு. மூணாவது பிரசவத்துல ரத்தம் எக்கச்சக்கமாப் போயிருச்சு. பய பொறந்து அஞ்சு மாசமாச்சு, இன்னும் தேறல. குடும்பக்கட்டுப்பாடு பண்ணப் போனா, ரத்தம் பத்தாது, தேத்திக் கூட்டிட்டு வாங்கன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாக. வர்ற திங்கக்கெழம மறுபடியும் வரச் சொல்லிருக்கு. அதுக்குள்ள ஏத்திரணும். பேரீச்சம்பழம், முருங்கக்கீரை, சுவரொட்டி, ஒண்ணு விடல நானு."

பெருமையாகத்தான் சொன்னான். பெருமைப்பட வேண்டிய காரியமும்தான். எத்தனை வீட்டில் இப்படி ஐஸ் தேடுகிறார்கள்?

கார் ஒரு கிலோமீட்டர் போயிருக்கும்.

"நீங்கள் ஏன் செய்யேல்லை?"

"என்னது மேடம்?"

"ஒப்பரேசன். உங்களிட்ட ரத்தம் இருக்குத்தானே."

எதிரே ஒரு கிரானைட் லாரி வந்தது. குருசாமி அதற்குத் தேவைக்கு மேல் இடம் விட்டு ஒதுங்கினான். லாரி போன பிறகும் ஓரத்திலேயே ஓட்டினான்.

"நானா? வண்டி ஓட்டுற ஒடம்பு மேடம் இது. ஸ்டாண்டுல தெரிஞ்சா பேரையே மாத்திருவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே!"

"எனக்குக் கல்யாணமே ஆகலையே குருசாமி."

"நல்லாப் போச்சு. நீந்தத் தெரியாதவர்ட்ட கெணத்து ஆழம் கேட்டேன் பாருங்க."

தவமணி அக்கா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், வானிலை சொல்லும் குரலில் சொன்னார்: ஆண்களுக்குச் செய்வது சின்னக் காரியம், மரத்துப்போக ஊசி, தையல்கூட இல்லை, அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வரலாம், பாரம் தூக்காமல் சில நாள் இருந்தால் போதும். "ஆனா உடன பலன் இல்லைத் தம்பி. மூண்டு மாதம் வேற கருத்தடைக் கவனம் வேணும். பிறகு சோதிச்சுப் பாக்கவேணும்."

குருசாமியின் காது மடல்கள் சிவந்தன. பாய் சொன்ன சிவப்பு வேறு இடத்தில் வந்துவிட்டது.

"அவ என்னட்ட கேக்கலையே மேடம்," என்றான் கடைசியில்.

"நீங்கள் அவவிட்ட கேட்டனீங்களோ?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "என்ர மனிசன் கடைக்கெண்டு போனவர், பதின்மூண்டு வருசமாய் வரேல்லை. கேக்கிறதுக்கு எனக்கு ஆள் இல்லை. அவவுக்கு இருக்கு. அதுதான் சொன்னன்."

விளாங்குடி வரைக்கும் தூக்குவாளியில் ஐஸ் உருகி அலம்பிக்கொண்டே வந்தது.

வியாழன், காலை எட்டு. கீழக்குயில்குடி. நாகமலை வழியாகப் போனோம். சமணர் மலை அடிவாரத்தில் குளம், தாமரை இலைகள், துணி துவைக்கிற பெண்கள். படி ஏறி, துறவிகள் படுத்த கல் படுக்கைகளைப் பார்த்தோம். தவமணி அக்கா ஒன்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நல்ல குளிர்ச்சி. குடும்பம் வேண்டாமெண்டு வந்தவையளுக்கு நல்ல கட்டில்தான் போட்டுக் குடுத்திருக்கினம்." கீழே சமவெளி வெள்ளைவெயிலில் கிடந்தது. எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் போலவும் இருந்தது. எந்த மலையிலும் எனக்கு இப்படித்தான்.

கீழே குருசாமி பானெட்டில் சாய்ந்து நின்றான். தூங்கின முகம் இல்லை.

"கேட்டேன் மேடம்," என்றான். "நான் பண்ணிக்கிரட்டுமான்னு கேட்டேன். கோவம் வந்துருச்சு அவளுக்கு. 'ஊரு சிரிக்கவா? ஒங்க ஆத்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிரும்'ங்கிறா. நான் என்னதான் செய்ய?"

"வீடு எங்கயோ? போற வழியோ?"

திரும்பும் வழிதான். போனோம்.

விளாங்குடியில் ஒரு காம்பவுண்டு வீட்டு வரிசையில் கடைசி அறை. நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில். குருசாமி நிலைப்படியில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல். பஞ்சவர்ணம் மடியில் பிள்ளையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். தவமணி அக்கா அவள் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். வெளுத்த வெள்ளரிப்பிஞ்சு நிறம். பக்கத்தில் தட்டில் நேற்றைய சுவரொட்டியில் பாதி சாப்பிடாமல் காய்ந்திருந்தது.

குருசாமியின் தாயார் அடுப்படியிலிருந்தே பேசினார்: "ஸ்டியரிங் பிடிக்கிற புள்ளைய அறுக்கச் சொல்றது எந்த ஊரு நாயம்? பொம்பளைகதானே காலம் பூராம் பண்றோம். நான் பண்ணலியா?"

"பண்ணினீங்கள் அம்மா. நோகேல்லையோ?"

அடுப்படியில் கரண்டி நின்றது.

பஞ்சவர்ணம் சன்னமாகச் சொன்னாள்: "இவுக போயிட்டு வந்தா, பொண்டாட்டி சொல்லித்தான் பண்ணுனான்னு என்னையத்தேன் பேசுவாங்கக்கா."

"ஊர் வாய் ஒரு கிழமை பேசும் பிள்ளை. அதை விடும். உமக்கு என்ன விருப்பம்?"

அவள் அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியாதவள்போலப் பார்த்தாள். பிள்ளை அவள் தாலிக்கயிற்றை இழுத்தது.

"எனக்குத் தூங்கணும்க்கா," என்றாள். "ஆபரேஷன்னு நெனச்சாலே நெஞ்சு அடிக்குது. ரத்தம் போனப்ப, காது ரெண்டும் அடச்சு, எல்லாரும் தூரத்துல பேசுற மாதிரி இருந்துச்சு. மறுக்கா அது வேணாம். இவுகட்ட சொல்லல. இம்புட்டு அலைஞ்சு வாங்கிட்டு வாராக, எப்படிச் சொல்ல?"

நிலைப்படியிலிருந்து குருசாமி உள்ளே போனான். பிள்ளையை அவள் மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவுக்கு வந்து, வேப்பமரம் வரைக்கும் நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான். பிள்ளை தூங்கிப்போனது. அவன் நிற்கவில்லை.

மாலை நாலரை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். திருச்சி பஸ், டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். திருச்சியிலிருந்து காலையில் அவருக்கு விமானம். பயணங்களின் முடிவில் எனக்கு வழக்கமாக ஒரு வரி வரும். எதையாவது எதோடாவது ஒப்பிட்டு மனசு சமாதானமாகும். அன்றைக்கு வரவில்லை. இங்கே போர் நடக்கவில்லை, குண்டு விழவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணிடம் உனக்கு என்ன விருப்பம் என்று கேட்கக் கடல் தாண்டி ஓர் ஆள் வர வேண்டியிருந்தது. அவர் ஊரில் அதைக் கேட்க எத்தனை வீடு மிச்சம் இருக்கிறதோ. இவ்வளவுதான் தோன்றியது, இது வரியாகாது.

குருசாமி பெட்டியை மேலே ஏற்றிவிட்டு இறங்கினான். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல்: "என்ன மாப்ள, கண்ணெல்லாம் கலங்கி இருக்கு? மாமியார வழியனுப்புறியா?"

"அக்காடா," என்றான் திரும்பாமல்.

பஸ் உறுமியது. தவமணி அக்கா ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை நீட்டி என் கையைத் தொட்டார். "நீங்களும் எங்கட பக்கம் வாங்கோ. நடக்க நிறைய இடம் இருக்கு. பாதையை விட்டு மட்டும் இறங்கக் கூடாது, கண்ணிவெடி." பிறகு அவனைப் பார்த்தார். கேட்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். "திங்கட்கிழமை, தம்பி?"

பஸ் நகர்ந்தது. குருசாமி கூடவே நாலடி நடந்தான், ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில் சொன்னான்:

"ஆஸ்பத்திரிக்குப் போறது நானுக்கா. சுவரொட்டி அவளுக்குத்தேன்."