முதலாளியின் பிஸ்டலுக்குப் பூ வைத்த ஆயுதபூஜை

சந்தனமும் துப்பாக்கி எண்ணெயும் கலந்தால் ஒரு வாடை வரும். இன்றைக்கும் யார் வீட்டுப் பூஜை அறையைத் தாண்டினாலும் அந்த வாடைதான் என் மூக்கில் முதலில் ஏறுகிறது...

விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற ஒரு மில்லில் முதலாளிக்குக் கார் டிரைவராக இருந்தேன். அப்பாவும் அதே மில்தான். மூட்டை தூக்கித் தூக்கி மேஸ்திரி ஆனவர். நாங்கள் குடியிருந்த வீடும் மில் மனையிலேயே இருந்தது. மாதா கோயில் பூசைக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார், மில் ஆயுதபூஜைக்கு மாவிலை கட்டாமல் அப்பா இருந்ததில்லை.

முதலாளியிடம் லைசென்ஸ் பிஸ்டல் ஒன்று இருந்தது. சின்னது. இடுப்பில் சொருகி மேலே ஜிப்பா போட்டுவிட்டால் இருப்பதே தெரியாது. ஆனால் டிரிகர் கல் மாதிரி.

அவருக்குச் சுகர், விரலில் பலம் கிடையாது. ஒரு நாள் சம்பந்திக்குச் சுட்டுக் காட்டுகிறேன் என்று மில்லுக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார். முக்கி முக்கி இழுத்தும் வெடிக்கவில்லை. சம்பந்தி சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புதான் என் காலை வாங்கியது.

சென்னையில் துப்பாக்கிக் கடைக்காரர் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டிரிகர் கடினமாக இருப்பதுதான் உங்களுக்குக் காவல் என்றாராம். மானம் போன மனுஷன் கேட்பாரா? திண்டிவனத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் ஒரு லேத் பட்டறைக்கு வண்டியை விடச் சொன்னார். சட்டப்படி அந்த ஆள் அதைத் தொடவே கூடாது. உள்ளே எதையோ தேய்த்துவிட்டு, பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வெண்ண மாரி ஆயிடுச்சிங்க. சுண்டு வெரலு பட்டா போதும்."

திரும்பி வரும் வழியெல்லாம் முதலாளிக்கு ஒரே குஷி. கூட்டேரிப்பட்டில் நிறுத்தி எனக்கும் டீ வாங்கித் தந்தார்.

நான் அப்போது போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி பாஸாகியிருந்தேன். ஓட்டம் மட்டும் பாக்கி. விடிகாலையில் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, குளித்து, அப்புறம்தான் கார் துடைக்கப் போவேன். எங்கள் தெருவில் போலீஸைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு. போலீஸ் ஆக ஓடியவன் நான் ஒருத்தன்தான்... அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

ஆயுதபூஜை வந்தது. பலகையில் தராசு, சாவிக்கொத்து, நடுவில் பிஸ்டல். தோட்டாவை எடுத்துவிட்டு வைக்கலாமே என்று கணக்குப்பிள்ளை மெல்லச் சொல்லிப் பார்த்தார். தோட்டா இல்லாமல் பூஜை போட்டால் வெறும் இரும்புக்குப் போட்டதாகிவிடும் என்று முதலாளி ஒரே பிடியாக நின்றார். அவர் சம்சாரம் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பத்தைச் சுற்று சுற்றென்று சுற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை திண்டிவனம் கிளம்ப வேண்டும். பூஜை இடத்தில் முதலாளி, நான், மாவிலை அவிழ்த்துக்கொண்டிருந்த அப்பா... வேறு யாரும் இல்லை. கார் சாவியை எடுக்க நான் பலகைக்கு எதிரே குனிந்தேன். முதலாளி பிஸ்டலைக் கையில் எடுத்தார். பூ கட்டின நார் டிரிகரில் சிக்கியிருந்தது. கவனிக்காமல் பூவை வெடுக்கென்று இழுத்தார்.

வலது முட்டி.

ஜி.எச்.சில் நான் கண் விழித்தபோது முதலாளி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ தொடச்சிக்கினு இருக்கறப்ப வெடிச்சிடுச்சின்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்பிடியே சொல்லிடு. கேசு நான் பாத்துக்கறேன்."

லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைத் தொட்டால் கேஸ். கேஸ் இருந்தால் காக்கிச்சட்டை கிடையாது. கால் தேறினாலும் தேறும், அது தேறாது. மாட்டேன் என்றேன். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எங்கப்பா பக்கத்தில்தான் இருந்தார், அவரையே கேளுங்கள் என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன், தெரியுமா...

அப்பாவைக் கூப்பிட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். என் கட்டில் பக்கம் திரும்பவே இல்லை.

"எம்புள்ளதாங்க எடுத்தான். வெளாட்டுத்தனமா எடுத்துட்டான்."

அவ்வளவுதான். எதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? உண்மையைச் சொன்னால் மறுநாளே சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டும். கேஸ் இழுத்தது... இழுத்தது... கடைசியில் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அதற்குள் வயது தாண்டிவிட்டது.

முதலாளி போய்ச் சேர்ந்ததும் அவர் மகன் மில்லை பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டான். எந்த வீட்டுக்காக அப்பா அந்த வார்த்தையைச் சொன்னாரோ, அந்த வீட்டை ஜேசிபி வைத்து ஒரே காலையில் தள்ளிவிட்டார்கள்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் செக்யூரிட்டி. ஆமாம், யூனிபார்ம் இருக்கிறது, தொப்பிகூட இருக்கிறது. காலையில் டூட்டிக்குப் போகும்போது போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்ப்பேன். நான் வெறுங்காலில் ஓடினேன். இதுகள் நல்ல ஷூ, கையில் வாட்ச்... பெண்பிள்ளைகளும் ஓடுகிறார்கள். நன்றாக ஓடட்டும்.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "முட்டி வலிக்குதாடா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

இல்லைப்பா என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

முதலாளி மேல் இருந்த கோபம் அவர் செத்த அன்றைக்கே போய்விட்டது. அப்பா மேல் இருக்கிறதே, அதுதான்... தினமும் சோறு போடுகிறேன், மருந்து வாங்கித் தருகிறேன். போக மாட்டேன் என்கிறது.