சி டிரைவில் இருந்தது

பழகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அடிக்கத் தோன்றுகிறது. என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து என் மகன் கடைக் கம்ப்யூட்டரில் சிஸ்டத்தை மாற்றிவிட்டு அதையே சொன்னான். "பழகிடும்மா. ஒரு வாரம், அவ்ளோதான்."

மந்தைவெளியில் எங்களுக்கு ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. கடை என்றால் தனியாக ஒன்றுமில்லை, வீட்டின் முன்னறைதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அடித்துக் கொடுப்போம். அவரும் டைப்பிஸ்ட், நானும் டைப்பிஸ்ட். தி.நகரில் ஒரே இன்ஸ்டிட்யூட்டில் கற்றுக்கொண்டவர்கள். எப்படிக் கல்யாணம் ஆனது என்ற கதை இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், கை ஒரு எழுத்துக் கட்டை தள்ளி உட்கார்ந்துவிடும், முழுத்தாளும் உளறலாக வரும். மாஸ்டர் ஸ்கேலால் விரலில் போடுவார். பக்கத்து மெஷினில் நான் சிரிப்பேன்.

தொண்டையில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்ததில் அவருக்குக் குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். கட்டிலை முன்னறைக்கே கொண்டுவந்து போட்டோம். மடியில் ஒரு தலையணை, அதன்மேல் கீபோர்டு. மானிட்டரைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அவர் அடிப்பார், நான் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வேன். எல்லாம் ஒரே ஃபைல். எதையும் அழிக்க மாட்டார். முடிந்தது என்று இரண்டு தடவை என்டர் தட்டுவார், அவ்வளவுதான். அவர் பேசியது முழுக்க அதில் இருந்தது. நான் பேசியது எதுவும் இல்லை.

அவர் போன பிறகு அந்த ஃபைலை நான் திறக்கவே இல்லை. தைரியம் இல்லை, அதுதான் உண்மை. எங்கே போகப்போகிறது, இங்கேதானே இருக்கிறது என்று வைத்திருந்தேன்.

என் மகன் பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். பழைய சிஸ்டம் திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது என்று நான்தான் புலம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். திரும்பி வந்து பார்த்தேன். அதே பெட்டி, அதே மானிட்டர், எழுத்துத் தேய்ந்த அதே கீபோர்டு. உள்ளே மட்டும் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள்.

"இது ஃப்ரீ சிஸ்டம்மா. வைரஸ் வராது. சூப்பரா ஓடும்."

"என்னைக் கேட்டியாடா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ."

அவன் சொன்னது சரிதான். அதற்காக நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

மூடுகிற பட்டன் இடது பக்கம் போய்விட்டது. இருபது வருஷமாக வலது பக்கம் போன கை, போய்ப் போய் வெறும் இடத்தைத் தட்டியது. சேமித்த ஃபைல் எங்கே போய் உட்கார்ந்தது என்று தேட வேண்டியிருந்தது. எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது. என் வீட்டில், என் கடையில், என் பிரிண்டரில் ஒரு தாள் எடுக்க நான் யார் என்று அது கேட்டது. தமிழ் அடிக்க ஒரு புது வழி வைத்திருந்தான். ஆங்கிலத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா வருமாம். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். என் தாய்மொழியை ஆங்கிலத்தில் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டுமாம்.

நாலாம் நாள் ஒரு ஆள் ஓடிவந்தான். "அக்கா, அப்பா ஐஸ் பெட்டில கீறாரு. மத்தியானம் எடுக்குறோம். போஸ்டர் ஒண்ணு அர்ஜென்ட்டா போட்டுக் குடு." உட்கார்ந்தேன். அந்தப் பெரியவர் பெயரை அடிக்க என்னால் முடியவில்லை. எப்படி அடித்தாலும் வேறு என்னவோ வந்தது. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். "இன்னாக்கா, நேரமாவுது" என்றான். அடுத்த தெருக் கடைக்குப் போகச் சொன்னேன். சாவு வீட்டிலிருந்து வந்தவனை நான் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை. அவன் போன பிறகு மானிட்டரை ஓங்கி ஒரு அறை விட்டேன். கைதான் வலித்தது.

அன்றைக்குத்தான் பயம் வந்தது. அவர் ஃபைலைத் தேடித் திறந்தேன். ஃபைல் இருந்தது, தமிழ் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இல்லை.

டி.டி.பி. வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் ஒரு ஏமாற்று வேலை. கம்ப்யூட்டருக்குள் போவது ஆங்கில எழுத்துதான். ஃபான்ட் அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். ஃபான்ட் இருக்கும்வரை தமிழ், போனால் உள்ளே இருக்கிற ஆங்கிலம் பல்லைக் காட்டும்.

மகனுக்குப் போன் போட்டேன்.

"எல்லா ஃபைலையும் காப்பி பண்ணிட்டேனேம்மா. டி டிரைவ் அப்படியே இருக்கு."

"ஃபான்ட் எங்கடா?"

"அது சி டிரைவ்ல இருந்திருக்கும். சி டிரைவ்ல வெறும் சிஸ்டம்தானே இருக்கும்னு நெனச்சு அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா?"

"இன்டர்நெட்ல கன்வெர்ட்டர் இருக்கும்மா. நான் பாக்குறேன்."

பார்த்தான். முக்கால்வாசி குப்பையாக வந்தது. எப்படி வரும்? அவர் அந்த ஃபான்ட்டைச் சும்மா விட்டிருந்தால்தானே. ழ அசிங்கமாக இருக்கிறது என்று புதிதாக வரைந்து போட்டார். பாதி எழுத்துகளை, தான் கற்ற டைப்ரைட்டர் கட்டைக்குத் தகுந்த மாதிரி இடம் மாற்றினார். உலகத்திலேயே அந்த ஃபான்ட் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது. அப்பா பேசியது இதுதான் என்று மகனுக்கும் தெரியும். போனில் அழுதான். நான் சமாதானம் சொல்லவில்லை. அப்போது அவன்மேல் அவ்வளவு ஆத்திரம்.

மூல ஃபான்ட்டை அவர் தி.நகரில் ஒரு கடையில் ஃப்ளாப்பியில் வாங்கினார். போனேன். அதே கடை, அதே ஆள், மண்டை மட்டும் வழுக்கை. இப்போது செல்போன் கவர் விற்கிறார்.

"அந்த ஃபான்ட்டா? அதெல்லாம் எப்பவோ பூட்ச்சுமா. ஃப்ளாப்பி இன்னான்னே இப்ப யாருக்கும் தெரியாது. உன் போனுக்குக் கவர் வேணுமா சொல்லு, நல்லதா தரேன்."

வேண்டாம் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றியது. முகமூடி போனால் மீதி இருப்பது என்ன? அவர் விரல் அழுத்திய கட்டைகள், அவர் அழுத்திய வரிசையிலேயே. அந்தக் கட்டைகள் எனக்குத் தெரியும். யளனகபக டமதாத என்று இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளிலிருந்து தட்டிய விரல் என்னுடையது. மூளைக்கு மறந்தாலும் விரலுக்கு மறக்காது.

மறுநாள் காலை கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். திரையில் இருந்த ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் அதே கீபோர்டில் தொட்டேன். எந்த விரல் போகிறதோ அந்த விரலுக்குரிய தமிழ் எழுத்தை ஒரு நோட்டில் எழுதினேன். முதல் வரிக்கு அரைமணி நேரம் ஆனது. "காபில சக்கர இல்ல." இரண்டாவது வரி, "ஃபேன கொற." எட்டு மாதம் ஒரு மனுஷன் பேசியது இதுதான். ஃபேனைக் குறை, ஃபேனை வை, பிரிண்டர் இங்க் வாங்கினியா, வாசல்ல யாரு. நடுவில் ஒரு இடத்தில், "இன்னிக்கு நல்லா கீற, புதுப் புடவையா?" அது புதுப் புடவை இல்லை. அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பதினேழு நாள் ஆனது. கடைசிப் பக்கம் வரைக்கும் வந்தேன்.

கடைசிப் பக்கம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் ஒரு வருஷம் திறக்காமல் இருந்தேன். அன்று காலையில் அவர் அடித்தார்: "இனிமே ஆஸ்பத்திரி வேணாம். போதும்." நான் கத்தினேன். "யோவ், போதும்னு நீ சொல்லிட்டா ஆச்சா? அப்போ நான் எதுக்குக் கீறேன்?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். சாயங்காலம் அவர் கண் அசந்திருந்தபோது மேஜைமேல் இருந்த அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதன் கால் ஆடிக்கொண்டிருந்தது, திருகு மாற்ற வேண்டும். சொல்லிவிட்டுப் போகவில்லை. கோபம். மார்க்கெட் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் திருகு மாற்றி, கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தேன்.

வந்து பார்த்தால் திரையில் உளறல். பமற என்று என்னென்னவோ. நான் உள்ளே வந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். கோபத்தில் கட்டையைப் போட்டு அறைகிறார் என்று நினைத்தேன். "உன் கோவத்த என்கிட்ட காட்டு, கீபோர்டு இன்னா பண்ணுச்சு?" என்றேன். அவர் இரண்டு விரலால் கண்ணைத் தொட்டுக் காட்டினார். தூக்கம் வருகிறது என்கிறார் என்று கீபோர்டை எடுத்துவைத்து மானிட்டரை அணைத்தேன். கண்ணாடியைக் கொடுக்கவில்லை. காலையில் கேட்கட்டும், அப்போது தரலாம் என்று இருந்தேன். காலையில் அவருக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் கண்ணாடியை நீட்டினேன். உள்ளே இதெல்லாம் கூடாது என்று நர்ஸ் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

அந்த உளறலை இப்போது கட்டை கட்டையாகத் தொட்டேன். ப வந்தது. பிறகு எதுவும் சேரவில்லை. மறுபடி தொட்டேன். மறுபடியும் ப. கை நின்றுவிட்டது. க-வுக்குப் பக்கத்துக் கட்டை ப. யளனகப. தி.நகரில், பக்கத்து மெஷினில், ஸ்கேல் அடி வாங்கிய அதே தப்பு.

அவர் கட்டையை அறையவில்லை. கண்ணாடி இல்லாமல் திரை தெரியாமல் அடித்திருக்கிறார். பார்க்காமலே இடம் தெரிவதற்காக விரல் வைக்கிற கட்டையில் இருக்கும் சின்ன மேடு அந்தக் கீபோர்டில் எப்போதோ தேய்ந்துவிட்டது. கை ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்ததை யார் சொல்வது? சொல்ல வேண்டியவள் நான். பார்த்த உடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கட்டை இடது பக்கம் தள்ளித் தொட்டேன்.

"கண்ணாடி எங்க. ஒண்ணும் தெரில."

"நீ கீறியா, போய்ட்டியா?"

நடுவில் ஒரே வார்த்தை ஏழெட்டுத் தடவை. என் பேர். எட்டு மாதத்தில் அவர் என் பேரை அடித்தது அங்கே மட்டும்தான். எதிரில் இருக்கிறவளை எதற்குப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?

கடைசி வரி நான் திரும்பி வந்த பிறகு அடித்தது.

"வந்துட்டியா. திட்டணும்னா திட்டு. கண்ணாடியக் குடுத்துட்டு திட்டு."

அதன் கீழே இரண்டு என்டர் இருந்தன.

போன வாரம் மகன் வந்தான். அவனோடு வேலை செய்கிற யாரோ அந்த ஃபான்ட்டை மறுபடி செய்து தருவதாகச் சொல்கிறார்களாம். வேண்டாம் என்றேன். "அப்பா கடைசியா இன்னாம்மா சொன்னாரு?" என்று கேட்டான். கண்ணாடி கேட்டார் என்றேன். நோட்டை அவனிடம் கொடுக்கவில்லை.

புது சிஸ்டத்தில் இப்போது வேலை செய்கிறேன். மூடுகிற பட்டனுக்குக் கை இன்னும் வலது பக்கம்தான் போகிறது. கண்ணாடி அந்தக் கைப்பையிலேயே இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். திருகு இறுக்கமாகத்தான் இருக்கிறது.