செக்பொயின்டில தானா எழும்பின அப்பாட கார்

கிண்ணியாவில மெக்கானிக் நானாட கராஜில டயர் மாத்தி எடுத்ததில இருந்து அப்பாட ஜப்பான் காரில, காத்தடைச்சுக் காரைத் தூக்கி வைக்கிற எயார் சஸ்பென்ஷன்ட லைட் எரியுது. பின்பக்கம் நல்லாப் பதிஞ்சு கிடக்கு.

"நாளைக்கு அக்காவைப் பிள்ளைப்பேறுக்குக் கொழும்புக்குக் கொண்டு போகோணும். பாரம் ஏத்தின மாதிரி நிக்கிற காரை ஒவ்வொரு செக்பொயின்டிலயும் கழட்டிப் பாப்பாங்கள்" எண்டு அப்பா வழி முழுக்கப் புறுபுறுத்தார்.

உப்புவெளி செக்பொயின்டிலயே மறிச்சாச்சு.

"பின்னுக்கு என்ன ஏத்தினது?" எண்டு ஆமிக்காரன் கேட்டான்.

"ஒண்டுமில்லை சேர்."

நம்புவானோ? என்ஜினை நிப்பாட்டச் சொல்லி, டிக்கி விரிப்பையும் கிளப்பிப் பாத்தான். அதுக்குக் கீழ ஒரு சுவிட்ச், ஓஃப்ல கிடந்தது.

நெட் கபேயில இதை எத்தினை தரம் வாசிச்சிருப்பன்! டயர் கழட்ட ஜாக் வைக்க முதல் அந்த எயார் சுவிட்சை நிப்பாட்டோணும். நானா நிப்பாட்டினது சரி, திரும்பப் போட மறந்திட்டார்.

"சரி, போ" எண்டான். நான் ஆருக்கும் சொல்லாமச் சுவிட்சைப் போட்டிட்டு ஓடிவந்து ஏறினன்.

அப்பா ஸ்டார்ட் பண்ண, கார் உறுமிக்கொண்டு பின்பக்கத்தைத் தானாத் தூக்கினது.

ரெண்டு துவக்கு எங்களைப் பாத்துது. அப்பா ரெண்டு கையையும் தூக்கினார். "காத்து சேர், காத்துத்தான்" எண்டு நான் அரைகுறைச் சிங்களத்தில சொன்னன். அவன் குனிஞ்சு கீழ பாத்திட்டு, பிறகு சிரிச்சான்.

லைட்டும் அணைஞ்சிட்டுது.

வீட்டில இறங்கேக்க அப்பா சொன்னார்: "நாளைக்கு அக்கா என்னோட காரில வருவா. நீ பின்னால பஸ்ஸில வா, பிள்ளை."

காரைத் திருத்தினது ஆர்? நியாயத்தை நீங்களே சொல்லுங்கோ.