தானாக ஆடிய விரல்

அத்தாவின் (என் அப்பாவின்) நோயை முதலில் பார்த்தவர்கள் பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழுதவர்கள். பார்த்தார்கள், ஆனால் அதை நோய் என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கட்சி மாறிவிட்டார் என்று நினைத்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். கோட்டைப்பட்டினத்தை ஒட்டிய சின்னக் கடற்கரை ஊர் எங்களுடையது. தொழுகையின் கடைசி இருப்பில் (மடங்கி உட்காரும் கட்டம்) வலது கையைத் தொடைமேல் வைத்து, ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி, தொழுகையை முடிக்கும் சலாம் கொடுக்கும்வரை அசைக்காமல் வைத்திருப்போம். அதே இருப்பில் விரலை அசைத்துக்கொண்டே இருக்கும் வேறு கூட்டத்தாரும் உண்டு. அவர்களுக்கு மேற்கே தனிப் பள்ளிவாசல். அந்த ஒரு விரலை வைத்து அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறார்கள்.

அத்தாவின் விரல் ஆடத் தொடங்கியது.

என் அம்மாவின் தம்பி சாகுல் மாமா பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். தொழுகை முடிந்து எல்லாரும் எழும்போது சத்தமாகவே கேட்டார்.

"என்ன மச்சான், அங்கிட்டு சேந்துட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"நான் எங்கடா ஆட்டுனேன்? அதுவா ஆடுது" என்றார் அத்தா.

"அதுவா ஆடுதாம்ல! எங்க வெரலெல்லாம் சொன்ன பேச்சு கேக்குது. மச்சான் வெரலுக்கு மட்டும் தனிக் கொள்கை போல."

வரிசையே சிரித்தது. மறுவாரம் மேற்குப் பள்ளிக்காரர்கள் பேரீச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்து, "மாஷா அல்லாஹ், கொஞ்சம் லேட்டானாலும் வெளங்கிக்கிட்டீங்க பாய்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்கள் பிடித்த கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அறந்தாங்கியில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். ஆகவே, "நீதான் படிச்சவன், ஒங்க அத்தாகிட்ட எடுத்துச் சொல்லு" என்று மாமா என்னிடம் விட்டார். நானும் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அத்தா இடது கையை வலது கைமேல் போட்டு, அந்த விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேட்டை செய்யும் பிள்ளையை அமுக்கி வைத்திருப்பது போல் இருந்தது. முன்னால் இருந்த சின்னப் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

விரல்கள் விறைத்து, நண்டு வலையிலிருந்து நண்டை எடுக்க முடியாமல் அவர் மீன்பிடி வல்லத்தை விட்டு இறங்கி, கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரல் ஆடுகிறது என்பதற்காக யாரும் போகவில்லை. சம்பாத்தியம் நின்றதால் போனோம்.

தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். அத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, "கையை மடியில வச்சுக்கிட்டு சும்மா இருங்கய்யா" என்றார். அத்தா தொழுகையில் வைப்பது போலவே வைத்தார். விரல் ஆடியது. "இப்ப அந்த டம்ளரை எடுங்க" என்றார். எடுக்கும்போது ஆட்டம் நின்றது.

"இது ஓய்வு நடுக்கம் (கை வேலையில்லாமல் இருக்கும்போது வருவது, வேலை செய்தால் குறைவது). சும்மா கையை வச்சிருக்கிற நேரத்துலதான் வெளியில தெரியும்" என்றார்.

அத்தாவின் கை சும்மா இருந்தது அந்த ஒரு இருப்பில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் வலையிலும் துடுப்பிலும் கிடந்த கை அது.

நோயின் பெயர் பார்க்கின்சன் (மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்லச் சாகும் நோய், நடுக்கம், விறைப்பு, உடல் மந்தமாவது இதன் அடையாளங்கள்). டாக்டர் பிறகு கேட்ட கேள்விகளை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

வாசனை தெரியுமா என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். "வல்லத்துக்கு அடியில நண்டு அழுகிக் கெடந்தா இவங்களைத்தான் எறக்கி விடுவாங்க. மூக்கு செத்த பாய்னுதான் பேரே."

தூக்கத்தில் கை காலை வீசுவாரா என்று கேட்டார். "வலை இழுப்பாங்க. ஒரு தடவை என் முடியைப் புடிச்சு இழுத்து, 'விடாதே, கனமா இருக்கு'ன்னாங்க."

மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார். அதற்கு அத்தாவே பதில் சொன்னார், கொஞ்சம் பெருமையாக. "கடல்ல இருக்கிற வரைக்கும் எனக்கு வெளிக்கே வராதுங்க. மத்தவனெல்லாம் வல்லத்து ஓரத்துல குந்திக்கிட்டுத் தவிப்பான். எனக்கு அந்தத் தொந்தரவே இல்ல."

எங்கள் வீட்டில் இவை மூன்றும் வேடிக்கைக் கதைகள். நான் பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பிருந்தே சொல்லிச் சொல்லிச் சிரித்தவை. டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். விரல் ஆடுவதற்குப் பல வருடங்கள் முன்பே நோய் இப்படித்தான் உள்ளே வந்து உட்காரும் என்றார்.

மாத்திரை தொடங்கினோம். லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து). மீன், முட்டை, கறியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக வேலை செய்யாது, இடைவெளி விட வேண்டும் என்றார்கள். "மீனைத் தள்ளி வச்சுட்டு மருந்து திங்கணுமா? அப்ப எந்த ஊரு மருந்து இது?" என்று அத்தா கோபப்பட்டார். ஆனாலும் மருந்து கேட்டது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்ட அன்று அம்மா அவருக்கு வேறு சட்டை எடுத்துக் கொடுத்து, மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார்.

செய்தி ஊருக்குத் தெரிந்ததும் சாகுல் மாமா ஆப்பிளோடு வந்தார்.

"நோய்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஏன் மச்சான் பேசப்போறோம்?"

"அதுவா ஆடுதுன்னு சொன்னேனேடா" என்றார் அத்தா.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பள்ளியில் அத்தாவுக்கென்று வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போடச் செய்தார். அது நல்ல காரியம். எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, "இது பரம்பரையா வருமா மாப்ளே?" என்று கேட்டார். அவர் மகள் ரிஸ்வானாவை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள்.

பெரும்பாலும் அப்படி வருவதில்லை, சில குடும்பங்களில் மட்டும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டிருந்த இன்னொன்றையும் ஆர்வமாக விளக்கினேன். குடல் நுண்ணுயிரிகள் (நம் குடலில் நம்மோடு வாழும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கூட்டம்) இந்த நோயாளிகளிடம் மாறியிருக்கின்றன. குடலுக்கும் மூளைக்கும் நடுவே நீளமான நரம்பு ஒன்று இருக்கிறது. நோய் சிலருக்குக் குடலிலேயே தொடங்கி அதன் வழியே மேலே ஏறலாம் என்று ஓர் எண்ணம் உண்டு. நடுக்கம் வரும் முன்பே குடலைப் பார்த்து யாருக்கு அபாயம் கூடுதல் என்று சொல்ல முடியுமா என ஆராய்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளின் பிள்ளைகளிடம் மலம் வாங்கிச் சோதிக்கிறார்கள்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பீயைப் பாத்து ஜோசியம் சொல்றாங்களா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சரி, நீயும் குடு. பரிட்சையெல்லாம் நல்லா எழுதுற பிள்ளைதானே. பாஸாயிட்டு வா, நோன்புப் பெருநா கழிச்சு நிக்காஹ் வச்சிருவோம்."

எனக்கும் அப்போது மலச்சிக்கல் இருந்தது. அதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன், தண்ணீர் குடிக்க மறப்பவன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அத்தாவும் கடலைத்தானே காரணம் சொன்னார்.

சோதனைக் குப்பியைக் குளிரில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் குளிர் என்றால் நண்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டிதான். ஐஸ் உடைத்துப் போட்டு, குப்பியை உள்ளே வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நண்டா? மணமேல்குடி தாண்டுறதுக்குள்ள நமக்கு ரெண்டு எடுத்து வைங்க."

"நண்டு இல்லண்ணே."

"பின்ன எறாவா? சும்மா சொல்லுங்க, நான் என்ன புடுங்கிக்கவா போறேன்?"

என் வயிற்றிலிருந்து வந்ததை மூடியைப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டு போனேன். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கொடுக்கும்போது டாக்டர் என்னிடம் கேட்டார். "இது ஆராய்ச்சிக்குத்தான். பொதுவா தனித்தனியா முடிவு சொல்றதில்ல. வேணும்னு கேட்டா சொல்வோம். தெரிஞ்சு என்ன செய்வீங்க?"

"தெரிஞ்சுக்கிறது நல்லதுதானே டாக்டர்" என்றேன். படிப்பு எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

பல மாதங்கள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் காத்திருந்தபோது எதிரில் ஒரு பெரியவர் கதவு நிலைக்கு முன்னால் கால் எடுத்து வைக்க முடியாமல் உறைந்து நின்றார். இந்த நோயில் அப்படி நிற்பது உண்டு. அவர் மகன் போன் பார்த்தபடியே, "வாப்பா, வா வா" என்றான். பழகிப்போன குரல். அவனுக்கு என் வயதுதான் இருக்கும்.

டாக்டர் சொன்னார். "நோய் உள்ளவங்க குடல் ஒரு மாதிரி இருக்குது, இல்லாதவங்க குடல் ஒரு மாதிரி இருக்குது. உங்களோடது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு."

"நடுவுலன்னா டாக்டர்?"

"நடுவுலதான். கூட்டமாப் பாத்தா அபாயம் கூடுதலா இருக்கிறவங்க இந்தப் பக்கம் சாயுறாங்க. ஆனா ஒரு தனி ஆளைப் பாத்து வரும், வராதுன்னு இதை வச்சு இன்னிக்குச் சொல்ல முடியாது. சாப்பாடு மாறினாலே இது மாறும்."

"தடுக்க மருந்து?"

"இன்னும் இல்ல. காய்கறி, கீரை நிறையச் சேருங்க. தினம் உடம்பு வேர்க்க நடங்க. மலச்சிக்கலைச் சரி பண்ணிக்கங்க. இது எல்லாருக்கும் சொல்றதுதான்."

வெளியே வரும்போது, "தம்பி, இது பரிட்சை இல்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

இதை வாசிக்கும் நோயாளிகளின் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்குக் கொடுங்கள். அது நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். முடிவைக் கேட்பதானால், அதை வீட்டில் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்லப் போகிறீர்கள் என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்குத் தெரிந்த "நடுவுல" வேறு. ஊருக்குத் தெரிந்த "நடுவுல" வேறு.

நான் ஊர் திரும்பியபோது மாமா எங்கள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். விளங்கினால் ஏற்றுக்கொள்வார் என்று நம்பிக் குடல், நரம்பு, கூட்டம், தனி ஆள் என்று எல்லாவற்றையும் விளக்கினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். வராதுன்னு எழுதிக் குடுத்தாங்களா?"

"அப்படி யாருக்குமே எழுதித் தர முடியாது மாமா. ஒங்களுக்கும்தான்."

"என்னைய எதுக்கு இழுக்கிறே? எனக்கா பொண்ணு கேட்டு வந்திருக்காங்க?" என்றார். பிறகு குரலை இறக்கினார். "நடுக்கடல்ல நிக்கிற வல்லத்துல எம் புள்ளைய ஏத்தி விடச் சொல்றியா மாப்ளே? நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. அத்தா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நோய் முகத்தின் தசைகளையும் இறுக்கிவிடும். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கை மட்டும் ஆடியது.

மாமா போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். "பாஸுன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒன் வாய் வெந்தா போயிரும்? இதுக்கா ஒன்னைப் படிக்க வச்சோம்?"

ரிஸ்வானாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெருநாள் கழிந்து, மாமா சொன்ன அதே சமயத்தில், மீமிசலில் ஒரு மாப்பிள்ளைக்கு நிக்காஹ் நடந்தது. அத்தாவைக் காரில் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். குறை சொல்ல முடியாத மரியாதை. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மச்சான், "பாத்துச் சாப்பிடுடா, நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் முகம் இறுகிவிட்டது என்று அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

இப்போது தினமும் நடக்கிறேன். கீரை சாப்பிடுகிறேன். வயிறு முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் அது என் வயிறாக இல்லை. காலையில் கழிப்பறையில் உட்காரும்போதெல்லாம் உள்ளே யாரோ ஏதோ முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சட்டியில் மீன் கொதிக்கும்போது பக்கத்தில் போய் மோந்து பார்க்கிறேன். வாசனை வருகிறது. வந்ததும் அடுப்பை விட்டு நகர்கிறேன்.

அத்தாவை நான்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். அவர் ஓர நாற்காலியில், நான் அதன் காலடியில். கடைசி இருப்பில் விரலை நீட்டும்போது பார்வை அந்த விரலிலேயே இருக்க வேண்டும் என்று ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதை மறந்து சுவரைப் பார்ப்பேன், அடி விழும். இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வக்து (தொழுகை வேளை) கூடப் பார்வை விலகுவதில்லை.

ஒரு நாள் மாலை, அஸர் தொழுகையில், நாற்காலியின் கம்பியில் அத்தாவின் கை தட்டும் சத்தம் அருகே கேட்டது. அன்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தன் விரலைப் பார்க்கவில்லை. குனிந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழுகையில் அடுத்தவரைப் பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

சலாம் கொடுத்ததும் என் தோளைத் தொட்டார். "ஆடலைடா" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வக்திலும் சொல்கிறார். அதிகாலை சுபுஹிலிருந்து நண்பகல் லுஹர்வரை ஒன்று, லுஹரிலிருந்து அஸர்வரை ஒன்று. என் நாள் இப்போது அந்த ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல் வரைக்கும்தான் நீள்கிறது. அதற்கு அப்பால் எதையும் நான் திட்டமிடுவதில்லை.

இந்த நோயில் குரலும் தேயும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கொஞ்ச நாட்களாக அத்தாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. என்ன சொல்கிறார் என்று தெரிந்ததால் எனக்குக் கேட்கிறது. உதடும் நின்ற பிறகு, என் விரலை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.